இல்லாத சேலைகள்

எங்கள் பட்டுச் சேலை வியாபாரம் என் பெயரில் இருக்கிறது. நான் ஒரு நாளும் கல்லாவில் உட்கார்ந்ததில்லை, ஒரு பில்லும் எழுதியதில்லை. வீட்டுக்கு வந்த மருமகள் பெயரில் தொழில் தொடங்கினால் லட்சுமி தங்குவாள் என்று என் மாமனார் சொன்னார், அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பாதிக் கடைகள் இப்படிப் பெண்டாட்டி பெயரில் நடப்பவைதான். பலகையில் என் பெயரைப் பார்த்து நானும் பூரித்துப் போனேன். லட்சுமி வந்தாளோ இல்லையோ, வரித்துறை நோட்டீஸ் மட்டும் தப்பாமல் என் பெயருக்கே வந்து சேர்ந்தது.

கடை என்றதும் கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூமை நினைக்க வேண்டாம். வீட்டின் முன் அறைதான் கடை. பாய் விரித்து அதன்மேல் வெள்ளைத் துணி போட்டு, சுவரோரம் ஒரு கண்ணாடி பீரோ வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் பட்டு நூலும் ஜரிகையும் வாங்கிச் சில நெசவாளர்களுக்குக் கொடுத்து, நெய்து வரும் சேலைகளை வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறார். அதிகம் பேசாத மனுஷர். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் சமையலறையில் பாத்திரம் சத்தமாக விழும். பிறகு நானே அதைப் பொறுக்கிக் கழுவி வைப்பேன்.

நோட்டீஸ் ஏன் வந்தது என்று புரிய வேண்டுமானால் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன், என் கொழுந்தனார், ஓரிக்கையில் குடியிருக்கிறார். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அவர் ஒரு முதலாளிக்குக் கூலிக்கு நெய்கிறார். இன்னொரு தறிக்குச் சொந்தமாக நூல் வாங்கிப் போட்டு, நெய்த சேலையைத் தாங்களே விற்பது என்று சில வருஷங்களுக்கு முன் துணிந்து இறங்கினார்கள். பெங்களூரில் ஒரு கடைக்காரர் அந்தச் சேலைகளை விரும்பி வாங்கினார். ஆனால் ஜிஎஸ்டி பில் இல்லாமல் சரக்கு எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இவர்களிடம் ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. அதை எடுத்தால் மாதாமாதம் கணக்குக் கொடுக்க வேண்டும், கணக்கு எழுத ஆள் வைக்க வேண்டும். ஒற்றைத் தறிக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது என்று கொழுந்தனார் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, உங்க பேர்ல ஒரு பில் போட்டுக் குடுங்கண்ணா" என்றார்.

என் வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி உறைமோர் கொடுக்கிற மாதிரிதான் எங்களுக்கு அது. எங்கள் தெருவில் கேட்டவனுக்குப் பில் இல்லை என்று சொன்னால் அவனைக் கஞ்சன் என்பார்கள். சேலை அவர்களுடையது, பில் எங்களுடையது. பெங்களூர்ப் பணம் எங்கள் வங்கிக் கணக்கில் வந்து விழும். கட்ட வேண்டிய வரியை மட்டும் நிறுத்திக்கொண்டு, மிச்சம் முழுவதையும் மறுநாளே ரொக்கமாக எடுத்துத் தம்பி கையில் கொடுத்துவிடுவார். தம்பி நூல்காரருக்கும் ஜரிகைக்காரருக்கும் ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். ஒரு நாள் பொறுத்து எடுக்கலாமே என்று நான் கேட்டால், "அடுத்தவன் காசு நம்ப வூட்ல தங்கக்கூடாது" என்பார். அவருடைய நாணயம் அப்படி. அந்த நாணயம்தான் எங்களைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

எங்கள் கணக்கைப் பார்ப்பவரை நாங்கள் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவோம். உண்மையில் அவர் ஆடிட்டர் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேருக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர். எங்கள் கடைக்குப் பதிவு செய்தபோது தன் மொபைல் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். முதலில் வந்த நோட்டீஸ் அவருடைய போனுக்குப் போய், அங்கே நூறு செய்திகளோடு கிடந்து அடங்கிவிட்டது. இரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டு அவரே வந்தார். வழக்கமாகக் காபி கேட்டு வாங்கிக் குடிப்பவர் அன்று கொடுத்த காபியைத் தொடவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததை எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

நாங்கள் வாங்கிய பட்டு நூலையும் பில் போட்ட சேலைகளையும் துறையில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்த நூலுக்கு இத்தனை சேலை வராது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அது சரிதான், வராது. ஆகவே மிச்சச் சேலைகள் இருந்ததே இல்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். சரக்கே இல்லாமல் வெறும் பில் கொடுத்து, அதைக் காட்டிப் பெங்களூர்க் கடைக்காரர் வரிக் கழிவு எடுக்க வழி செய்துகொடுத்தோமாம். பணம் வந்த மறுநாளே மொத்தமும் ரொக்கமாக வெளியே போயிருப்பது போலி பில் விற்பவர்களின் வழக்கமாம். அரசை ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த மோசடி என்று என் பெயரைப் போட்டு எழுதியிருந்தது. வட்டியும் அபராதமும் தனி. ஜிஎஸ்டி நம்பரையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். நம்பர் இல்லாமல் பில் போட முடியாது, பில் இல்லாமல் சேலை போகாது. ஆவணி முகூர்த்தத்துக்கு நெய்து வந்த சேலைகள் பீரோவில் அடுக்கியபடி கிடந்தன. நாங்கள் பதில் சொல்லி மீளாவிட்டால் நம்பரையே ரத்து செய்துவிடுவார்கள், கடையை மூட வேண்டியதுதான்.

எனக்கு அபராதத்தைவிட 'ஏமாற்றும் நோக்கத்தோடு' என்ற சொல்தான் நெஞ்சில் தைத்தது. ஒரு முழம் பூ வாங்கினால்கூடப் பாக்கி வைக்காதவள் நான். ஆடிட்டர் போனதும் இவர் மேல் பாய்ந்தேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டீர்களே என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு ஜரிகைக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பிகிட்ட போயி சொல்லுங்க. வந்து இது எங்க சேலதான்னு சொல்லச் சொல்லுங்க" என்றேன்.

"நான் போவ மாட்டேன். குடுத்தத சொல்லிக் காட்டி ஒரு வேல வாங்கறதா? அதுக்குக் குடுக்காமலே இருந்திருக்கலாம்" என்றார்.

இந்த மனுஷரோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேனே என்று அன்றைக்கு ஆச்சரியமாக இருந்தது. பெங்களூர்க் கடைக்காரருக்கு நானே போன் பண்ணினேன். விஷயத்தைக் கேட்டதும், தங்கள் ஊரில் மழை என்று சொல்லிவிட்டு வைத்தார். அப்புறம் எங்கள் நம்பரை அவர் எடுக்கவே இல்லை. அவருக்கும் பயமாக இருந்திருக்கும்.

முதலில் எங்கள் வீட்டுப் பாகப் பிரிவினையைப் பார்த்த வக்கீலிடம்தான் போனோம். நல்ல மனிதர். நோட்டீஸைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை, அந்த அளவுக்குப் பரவாயில்லை. "வாய்தா வாங்கிடலாம்மா" என்றார். மறுபடி போனபோதும் அதையே சொன்னார். வாய்தா வாங்கி வாங்கி வீட்டைப் பிரிக்கலாம், வரித்துறையிடம் அது செல்லாது என்று எனக்கே தெரிந்தது. எங்களுக்கு நூல் போடும் கடைக்காரர்தான் வாலாஜாபாத்திலிருக்கும் ஒரு வக்கீலைச் சொன்னார். அவர் சென்னையில் வரி வழக்குகளை மட்டும் நடத்துகிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் தன் வீட்டிலேயே ஆட்களைப் பார்க்கிறார் என்றார். அங்கே போகிற அன்று பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் பேசாமல் வந்ததில் இவர் பயந்தே போனார் என்று பிறகு சொன்னார்.

ரைஸ் மில்லை ஒட்டிய தெருவில் இருந்தது அவர் வீடு. மில் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர், சாதாரணமாகப் பேசினாலே உரக்கத்தான் இருந்தது. நாற்பது வயதிருக்கும். விவசாயக் குடும்பம், கூடத்தில் ஒரு மூலையில் சட்டப் புத்தகங்களும் இன்னொரு மூலையில் நெல் மூட்டைகளும் இருந்தன. நான் நோட்டீஸை நீட்டும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உக்காருங்கமா. அழறதுன்னா இங்கியே அழுது முடிச்சிடுங்க. அங்க வந்து அழுதா ஆபீசருக்கும் சங்கடம், எனக்கும் பாயிண்ட் மறந்து போவும்" என்றார்.

சிரித்துவிட்டேன். நோட்டீஸ் வந்ததிலிருந்து அன்றுதான் முதலில் சிரித்தேன். அவர் முழுவதையும் நிதானமாகப் படித்தார். இவர் தயங்கித் தயங்கி, "ஜெயில்ல போடுவாங்களா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டுதான் அத்தனை நாளும் பேசாமல் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவம், நான் வேறு கத்திக்கொண்டிருந்தேன்.

"இந்தத் தொகைக்கெல்லாம் ஜெயில் கெடையாது. யூட்யூப் பாத்துட்டு வராதீங்க" என்றார் வக்கீல். பிறகு இவரை நேராகப் பார்த்துக் கேட்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தச் சேலைங்க நெஜமா இருந்துச்சா, பேப்பர்ல மட்டும் இருந்துச்சா?"

"இருந்துச்சி சார்."

"கமிஷன் எவ்ளோ வாங்கினீங்க?"

"ஒண்ணும் வாங்கல."

"நான் நம்புறேன். ஆனா ஒண்ணும் வாங்கலன்றதுக்கு ரசீது எங்க இருக்குது? ஆபீசர் அதத்தான கேப்பாரு." அவர் நோட்டீஸை மடித்தார். "அடுத்தவங்க சரக்குக்கு உங்க பேர்ல பில் போட்டது தப்பு. அது தப்பில்லன்னு நான் வாதாட மாட்டேன். ஆனா தப்புக்கு ஒரு அபராதம், மோசடிக்கு ஒரு அபராதம். சரக்கு இருந்துச்சின்னு காட்டினா மோசடி போயிடும், தப்பு மட்டும் நிக்கும், நம்பரும் திரும்பி வரும். தறியில உக்காந்து நெஞ்சது யாரு?"

இவர் நெல் மூட்டைகளைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "என் கொழுந்தனார் சார். ஓரிக்கையில இருக்கறாரு."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. வக்கீலும் அதைக் கவனித்தார். "அவர் வந்து சொல்லணும். சொன்னா அவர் பேர்லயும் நோட்டீஸ் வரும், அத மறைச்சிக் கூட்டினு வராதீங்க. கேட்டுட்டு முடிவு பண்ணட்டும்" என்றார். தன் பீஸையும் அப்போதே சொன்னார். முடிந்தபோது கொடுங்கள் என்றெல்லாம் சொல்லவில்லை. பாதி இப்போது, பாதி பிறகு என்றார். அப்படி வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் நானே தனியாக ஓரிக்கைக்குப் போனேன். நோட்டீஸ் விஷயம் கொழுந்தனாருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கொஞ்ச நாளாக எங்கள் தெருப்பக்கமே வராமல் இருந்தார். என்னைப் பார்த்ததும் தறிக்குழியிலிருந்து எழுந்து, கையைத் துண்டில் துடைத்துத் துடைத்து நின்றார். அடுத்த தறியில் அவர் மனைவி, என் ஓரகத்தி, நெய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து "வாங்கக்கா" என்றாள், கை நிற்கவில்லை.

வக்கீல் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க கொழுந்தனாரின் முகம் வெளுத்தது.

"அண்ணி, என்கிட்ட இன்னா இருக்குது? தறியத் தூக்கிக்கினு போயிடுவாங்க அண்ணி. சொசைட்டியில லோன் வேற இருக்குது. அண்ணனுக்குக் கடை இருக்குது, எப்பிடியாவது கட்டிடுவாரு. நான் எங்க போவேன்?"

"பில் கேட்டு வந்தப்ப கால் நடந்துச்சே, இப்ப மட்டும் வரலியாபா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அந்த மனுஷர் தறிக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்று ஊரில் சொல்வார்கள். தறியில் காலாட்டுவதைத்தான் சொன்னது. அப்படிக் காலாட்டிச் சேர்த்த ஒரு பிடியும் போய்விடுமோ என்று பயப்படுகிறவரிடம் நான் எப்படிச் சண்டை போடுவது? எனக்கும் அழுகை வந்தது. கூடவே கோபமும் போகவில்லை.

அப்போதுதான் பக்கத்துத் தறியின் சத்தம் நின்றது.

"அக்கா, நோட்டீஸ்ல இன்னான்னு போட்டிருக்குது?" என்று ஓரகத்தி கேட்டாள்.

"சேலையே இல்லன்னு போட்டிருக்குது."

"எந்தச் சேல?"

"பெங்களூருக்குப் போச்சே, அதெல்லாந்தான். அப்பிடி ஒரு சேலைய யாரும் நெய்யவே இல்லியாம். வெறும் பேப்பராம்."

அவள் தறிப் பக்கம் குனிந்தாள். ஜரிகை இழை ஒன்று அறுந்திருந்தது போல; அதை எடுத்து முடிந்தாள். மறுபடி தறி ஓடத் தொடங்கியது. நான் எழுந்து வந்துவிட்டேன். இனி இவர்களை நம்பிப் பிரயோஜனமில்லை, கம்மலை விற்றாவது கட்டுவோம், மோசடிக்காரி என்ற பட்டத்தோடு கடையை மூடுவோம் என்று பஸ்ஸில் முடிவு பண்ணிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை நான் வாசலில் கோலத்தை முடிக்கவில்லை, அவள் வந்து நின்றாள். தனியாக வந்திருந்தாள். புதுச் சேலை கட்டி, தலை வாரிப் பூ வைத்து, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவள் போல இருந்தாள். கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அவருக்குத் தெரியுமாம்மா?" என்றேன்.

"சொல்லிட்டுதான் வந்தேன். அழுவுறாரு. அழுவட்டும்." உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். "அக்கா, அந்தச் சேலைங்கள நெஞ்சது அவர் இல்ல. அவரு மொதலாளி தறியில உக்காந்துக்கினு இருந்தாரு. எல்லாம் நான் நெஞ்சது. பாருங்க."

ஒவ்வொரு சேலையையும் தறியிலிருந்து அறுத்த அன்று கட்டிலில் விரித்துப் படம் பிடித்து வைத்திருந்தாள். மாம்பழ நிறத்துக்கு அரக்குக் கரை, பச்சைக்கு ஊதா, வெங்காயத் தோல் நிறத்தில் ஒன்று. ஒரு படத்தில் கட்டில் ஓரத்தில் பூனை படுத்திருந்தது. இன்னொன்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அவள் விரல்கள் தெரிந்தன. ஒன்றிரண்டு என்று நினைத்தேன். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. இவரும் எட்டிப் பார்த்தார். அத்தனைக்கும் பில் எழுதியவர் அவர்தான், ஆனால் ஒரு சேலையையும் பிரித்துப் பார்த்ததில்லை. தம்பி பொட்டலமாகக் கட்டி நேரே பெங்களூர்ப் பார்சலில் போட்டுவிடுவார்.

"இத எதுக்குமா எடுத்து வெச்ச?" என்று கேட்டேன்.

"போனா திரும்பி வராது இல்லக்கா. அப்புறம் பாக்கணும்னா நான் எங்க போயி பாக்கறது?"

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். பால் பொங்குகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. ஊரே அதைக் கொழுந்தனார் சேலை என்றது. நானும் வக்கீலிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வாலாஜாபாத் போனோம். வக்கீல் படங்களின் தேதிகளையும் பில் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். படங்கள் பெங்களூர்க் கடைக்காரருக்கு வாட்ஸப்பில் போனதும், அவர் இது வேணும் அது வேணும் என்று பதில் போட்டதும்கூட அந்தப் போனில் இருந்தன. ஆனால் வக்கீல் அவளை எச்சரிக்காமல் விடவில்லை.

"இதக் காட்டினா இவங்களுக்கு நல்லது. உங்களுக்கு இல்ல. நூல் ரொக்கத்துல வாங்கியிருக்கீங்க, நம்பர் இல்லாம வெளி மாநிலத்துக்கு வித்திருக்கீங்க. நாளைக்கு உங்க வூட்டுக்கு நோட்டீஸ் வரும். கைத்தறிக்கு விதிவிலக்கு இருக்குது, அதச் சொல்லி நான் கொறைக்கப் பாப்பேன். தறிய விக்கற அளவுக்குப் போவாது. ஆனா வலிக்கும். யோசிச்சிச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டேன் சார். நான் நெஞ்சத இல்லன்னு எப்பிடி சார் சொல்றாங்க?"

"அங்கியும் இதையே சொல்லுங்க. இதுக்கு மேல ஒரு வார்த்த பேசாதீங்க" என்றார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, நீங்கள் அதுகூடப் பேச வேண்டாம் என்றார். இவர் வாய்க்குள் சிரித்ததை நான் பார்க்காமல் இல்லை.

விசாரணை நாளன்று அதிகாரியைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. மீசையை முறுக்கிக்கொண்டு ஒருவர் இருப்பார் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். தூக்கம் போதாத முகத்தோடு ஒரு இளைஞர், மேஜை நிறைய பைல்களுக்கு நடுவே உட்கார்ந்து, எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். வக்கீல் முதலில் எங்கள் தவறை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்கினார். அதிகாரி குறுக்கிட்டு இவரைக் கேட்டார்.

"கமிஷன் வாங்கலங்கறீங்க. அப்புறம் எதுக்குப் பில் குடுத்தீங்க?"

"தம்பி கேட்டான் சார்" என்றார் இவர்.

அதிகாரி கொஞ்ச நேரம் இவர் முகத்தையே பார்த்தார். அந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். பிறகு ஓரகத்தியின் பக்கம் திரும்பினார்.

"சரக்கு இருந்ததுன்னு எப்படிமா நம்புறது?"

அவள் எழுந்து நின்றுகொண்டாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "சார், அத்தினியும் நான் நெஞ்சேன். இல்லன்னு எழுதாதீங்க" என்றாள். போனை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன். "இதெல்லாம் எந்த முதலாளிக்கு நெய்தது?" என்று கேட்டார்.

"மொதலாளிக்கு இல்ல சார். எங்களுக்கு."

"அப்ப உங்க மேல நடவடிக்கை வரும், தெரியுமா?"

"வக்கீல் சார் சொன்னாரு."

எல்லாவற்றையும் தேதியோடு பிரிண்ட் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அவள் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வெளியே வந்தால் கேட்டுக்கு எதிரே, டிவிஎஸ் வண்டியைப் பிடித்தபடி கொழுந்தனார் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவும் தைரியமில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்து, "இன்னா சொன்னாங்கண்ணா?" என்றார். இவர் அவர் தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிப் போனார். அரைக்காசுக்குப் போன மானம் ஆயிரம் பொன் கொடுத்தாலும் வராது என்று திட்டத்தான் நான் வாயெடுத்தேன். கொழுந்தனாரின் சட்டை முதுகெல்லாம் வேர்வையில் நனைந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு மனசு வரவில்லை. டீக்குக் காசு நானே கொடுத்தேன்.

உத்தரவு வர மழைக்காலம் ஆகிவிட்டது. வக்கீல் போனில் படித்துச் சொன்னார். சரக்கு இருந்தது உண்மை, ஏமாற்றும் நோக்கம் நிரூபிக்கப்படவில்லை, அடுத்தவர் சரக்குக்குப் பில் கொடுத்த தவறுக்கு அபராதம் உண்டு, நம்பர் திரும்பக் கிடைக்கும். அபராதம் எங்களால் கட்டக்கூடியதுதான். இவர் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முதுகைத் தடவிக்கொடுத்தேன். மோசடிக்காரி இல்லை நான் என்று எனக்கு எப்போதும் தெரியும். ஆனாலும் அதை இன்னொருத்தர் வாயால் கேட்கிற நிம்மதி வேறாக இருந்தது.

வக்கீல் சொன்ன மாதிரியே ஓரிக்கைக்கும் நோட்டீஸ் வந்தது. வாக்குமூலம் கொடுத்தது அவள் என்பதால் அவள் பெயருக்கே வந்திருந்தது. கொழுந்தனார் போன் பண்ணி, "அண்ணி, வந்துட்டுது" என்றார். நாங்கள் இருவரும் உடனே கிளம்பிப் போனோம். அவர் தலையில் கைவைத்துக் கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தார். அவள் தறியை விட்டு எழுந்து வந்து தாளை நீட்டினாள். இவர் அதைப் படம் எடுத்து வக்கீலுக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் அவரே கூப்பிட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டோம். பின்னால் ரைஸ் மில் ஓடுகிற சத்தமும் கேட்டது. அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "மேற்கண்ட பட்டுச் சேலைகள் அனைத்தும் இவராலேயே நெய்யப்பட்டு, இவருக்கே சொந்தமாக இருந்து, பதிவில்லாமல் விற்கப்பட்டவை..."

"சார், அத இன்னொரு தரம் படிங்க" என்றாள் அவள்.

அவர் மறுபடி படித்தார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெய்த கை, சூடாக இருந்தது.

"பில்லுல உங்க பேரு இருந்துச்சு, பொட்டியில பெங்களூர் கடை பேரு இருந்துச்சு. ஊருல எல்லாரும் இவரு சேலன்னாங்க. ஒன் சேலன்னு என்கிட்ட ஒருத்தரும் சொன்னதில்லக்கா. திட்டிக்கினே சொன்னாலும் கவர்மெண்டு சொல்லிடுச்சு பாருங்க" என்றாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. மூலையில் கொழுந்தனார் இன்னும் தலையைத் தூக்கவில்லை.

"அம்மா, கேக்குதா? இதுக்கு நாம பதில் குடுக்கணும்" என்றார் போனில் வக்கீல். "இந்தச் சேலைங்க எல்லாம் உங்களுதுன்னு ஒத்துக்கறீங்களா? ஒத்துக்கிட்டா கட்ட வேண்டி வரும்."

"என்னுதுதான் சார்" என்று அவள் சொன்ன சத்தத்தில் கொழுந்தனார் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.